முதலில் சதுரங்கம், அப்புறம் பஸ்

கீழ்க்கொல்லைக்குள் வந்துகொண்டிருந்த கம்பெனி பஸ் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. வேலைக்குப் போகும் பெண்கள் டிபன் பையோடு வெகுநேரம் நின்று பார்த்தார்கள். பிறகு டிரைவருக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். இனிமேல் பஸ் ஊருக்குள் வராது, மாதனூர் தாண்டி ஹைவேஸில்தான் நிற்கும், அதுவும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்றார் அவர். அவருக்கும் யாரோ ஆபீசிலிருந்து போனில்தான் சொல்லியிருந்தார்களாம்.

அந்தப் பக்கம் என்றால், பெங்களூர் போகிற லாரியும் சென்னை போகிற காரும் யாருக்காகவும் நிற்காத நான்கு வழிச் சாலையை விடியற்காலை அரை இருட்டில் குறுக்கே தாண்டிப் போக வேண்டும்.

அமிர்தவள்ளி ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற லைனில் வேலை பார்ப்பவள். கேட்டால் கிடைக்கும் என்று நம்புகிறவள். ரேஷன் கடை, பஞ்சாயத்து ஆபீஸ், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று எங்கே போனாலும் நின்று கேட்டுவிட்டுத்தான் வருவாள். அவளுக்குப் பக்கத்து மெஷினில் உட்காரும் கிறிஸ்டினா அதே ஊர்க்காரி, நேரெதிர்க் கட்சி. கேட்டால் இருப்பதும் போய்விடும் என்பது அவள் அனுபவம்.

"பேஜார் புடிச்ச வேலை. போய்க் கேட்டு இன்னா ஆவப்போவுது?" என்றாள் கிறிஸ்டினா.

"கேக்காம இருந்தா மட்டும் இன்னா ஆவப்போவுது? நீயும் வா."

இரண்டு பேரும் வெல்பேர் ஆபீசர் பெர்சிஸிடம் போனார்கள். வேலூர்க்காரப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டே கேட்பாள். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் கம்பெனியில் பல பேர்.

"எனக்கு நல்லாப் புரியுதுக்கா," என்றாள் பெர்சிஸ். "ஆனா ஒருத்தர் ரெண்டு பேரா வந்து கோரிக்கை சொல்றது பழைய முறை. கம்பெனியில ஒருமித்த முடிவு மன்றம்னு ஒண்ணு வருது. எதுவா இருந்தாலும் இனிமே அங்கதான் பேசி முடிவெடுக்கணும். நீங்க ரெண்டு பேரும் உறுப்பினரா சேந்துடுங்க. பஸ்ஸைப் பத்தி அங்கேயே பேசலாம்."

அமிர்தவள்ளி அங்கேயே சேர்ந்தாள். கிறிஸ்டினாவின் பெயரையும் அவளே கொடுத்தாள்.

மன்றத்தின் தொடக்க விழா கேன்டீனில் நடந்தது. மேசைகளை ஓரமாகத் தள்ளி, குத்துவிளக்கு வைத்து, கேசரி கொடுத்தார்கள். எச்.ஆர். பொது மேலாளர் பிரேம்நாத் மைக்கைப் பிடித்தார். அவர் குரல் எப்போதும் தாழ்வாகவே இருக்கும். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. வேலையை விட்டு அனுப்பும்போதுகூடத் தோளில் கை வைத்துத்தான் அனுப்புவார்.

"இதுவரைக்கும் முடிவையெல்லாம் மேலே எடுத்து கீழே அனுப்பிக்கிட்டு இருந்தோம்," என்று ஆரம்பித்தார். "அதுல ஒரு பெரிய குறை இருந்துச்சு. ஏதாவது தப்பாப் போனா யார் காரணம்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். இனிமே அந்தக் குறை இல்லை. முடிவு எல்லாருடையது. அதனால தப்பும் எல்லாருடையது."

மேலாளர்கள் வரிசையிலிருந்து கைதட்டல் எழுந்தது. பின்னால் இருந்தவர்கள் அதைப் பார்த்துத் தட்டினார்கள்.

மன்றத்தின் முதல் பொருள் சதுரங்கம் என்றார் பிரேம்நாத். கம்பெனியிடம் ஷூ வாங்கும் ஜெர்மனிக்கார பையர், தனக்குச் சரக்கு கொடுக்கும் தொழிற்சாலைகளோடு இணையத்தில் குழுச் சதுரங்கம் ஆடுகிறாராம். இங்கே எல்லாத் தொழிலாளர்களும் ஒரு கட்சி, அங்கே தலைமை அலுவலகம் ஒரு கட்சி. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மூன்று நாள் அவகாசம். அதற்குள் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம், எல்லாரும் ஓட்டுப் போட வேண்டும். எதற்கு ஓட்டு ஜாஸ்தியோ அந்தக் காய் நகரும்.

"நாம நல்லா ஆடறோமான்னு பையர் பார்க்கலை. நாம எப்படிக் கலந்து பேசறோம்னு பார்க்கறாங்க. டிசம்பர்ல அவங்க ஆடிட் வருது. அதுல தொழிலாளர் குரல்னு ஒரு பகுதி இருக்கு, அதுக்கு மார்க் உண்டு. அதனால நல்லா ஆடணும்னு அவசியமில்லை. நல்லாப் பேசினாப் போதும்."

அமிர்தவள்ளி எழுந்தாள். "சார், எங்க ஊர் பஸ்ஸு?"

"ரெண்டாவது பொருள்மா. மறக்கலை. முதல் பொருள் முடிஞ்சதும் ரெண்டாவது. ஒரு பொருள் நடக்கும்போது இன்னொண்ணை எடுக்க விதியில இடமில்லை."

"விதி யார் சார் போட்டது?"

"நான் போடலைம்மா. மன்றம் போட்டது."

"மன்றம் இன்னிக்குத்தானே சார் ஆரம்பிக்குது?"

"ஆமா," என்றார் பிரேம்நாத் அன்போடு. "அதனாலதான் இன்னும் யாரும் அதை மாத்தலை."

ஆட்டம் தொடங்கியது. தொழிற்சாலைக்குள் போன் கொண்டுவரக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் சாப்பாட்டு வேளையில் பெர்சிஸ் ஒரு டேப்லெட்டோடு மேசை மேசையாக வந்தாள். ரகசிய ஓட்டு என்று சொல்லியிருந்தார்கள். பெர்சிஸ் டேப்லெட்டைப் பிடித்துக்கொள்வாள், லைன் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்பார், ஓட்டுப் போடுகிறவர் ரகசியமாகத் தொடுவார்.

முதல் நகர்த்தலிலேயே சிக்கல் வந்தது. தோல் கொள்முதல் மேலாளர் ரஷீத் அஹமது வாணியம்பாடிக்காரர், சின்ன வயதிலிருந்து ஆடியவர். ராஜாவுக்குப் பக்கத்தில் இருப்பது வஜீர், அதாவது மந்திரி என்று எழுதினார். குறுக்கே போகிறதுதான் மந்திரி, பக்கத்தில் இருப்பது ராணி என்று ஸ்டோர்ஸிலிருந்து பதில் வந்தது. ரஷீத் அஹமது, போர்க்களத்தில் ராணிக்கு என்ன வேலை என்று கேட்டார். கம்பெனியின் டைரக்டர்களில் முதலாளியம்மாவும் ஒருவர் என்பது அப்போதுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது. ரஷீத் அஹமது தன் கருத்தைத் திரும்பப் பெற்றார். ராணி ராணிதான் என்றும், அதை இழக்கும்படியான யோசனையை யாரும் முன்வைக்க வேண்டாம் என்றும் மன்றம் ஒருமனதாக ஏற்றது.

அடுத்து எந்தச் சிப்பாயை நகர்த்துவது என்ற கேள்வி. நடுவில் இருப்பதைத் தள்ளினால் ரிஸ்க் என்றது கணக்குப் பிரிவு. எதையாவது சீக்கிரம் அனுப்புங்கள், லேட்டானால் பையர் திட்டுவான் என்றது டிஸ்பேட்ச். கடைசியில் இடது ஓரத்தில் சும்மா நின்ற சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளுவது என்று முடிவானது.

"இதுதான் ஒருமித்த முடிவு," என்று பிரேம்நாத் பாராட்டி எழுதினார். "யாருக்கும் பிடிக்கலை. ஆனா யாரும் எதிர்க்கலை."

கம்பெனியில் சதுரங்கம் உண்மையிலேயே தெரிந்த ஒருவன் இருந்தான். சாம்பிள் ரூமில் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் ஒவைஸ். ஆரம்பத்தில் அவன் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நீளமாக விளக்கம் எழுதினான். ஒவ்வொன்றுக்கும் கீழே "நல்ல கருத்து, பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தது. பிறகு அவன் எழுதுவதை விட்டுவிட்டான். ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அமிர்தவள்ளி அவனைப் பிடித்தாள்.

"தம்பி, இந்த ஆட்டம் எப்போ முடியும்?"

"இந்த வேகத்துல போனா பொங்கல் தாண்டிப் போவும்க்கா."

"அது வரைக்கும் பஸ்ஸைப் பத்திப் பேச மாட்டாங்களா?"

"முதல் பொருள் முடியணுமே."

அமிர்தவள்ளி கொஞ்சம் யோசித்தாள். "சீக்கிரமாத் தோக்கணும்னா இன்னா பண்ணணும்?"

ஒவைஸ் பாட்டிலை மூடிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு அந்த ஆட்டத்தின் மேல் உயிர். வேண்டுமென்றே தோற்கச் சொல்லிக்கொடுப்பது அவனுக்கு வலித்தது. ஆனால் சதுரங்கத்தைப் பற்றி அந்தக் கம்பெனியில் யாரும் அவனிடம் இவ்வளவு தெளிவாக எதையும் கேட்டதில்லை.

"ராஜாவுக்கு வலது பக்கம் ரெண்டு சிப்பாய் நிக்குது பாருங்க," என்று காற்றில் வரைந்து காட்டினான். "இதை ஒரு கட்டம், அதை ரெண்டு கட்டம் தள்ளிடுங்க. அவங்க ராணி குறுக்கால வந்து நிக்கும். ராஜாவுக்கு நகர எடம் இருக்காது. அவ்ளோதான், முடிஞ்சுது."

அன்று மாலை பஸ்ஸில் அமிர்தவள்ளி சீட்டு சீட்டாகப் போய்ப் பேசினாள். கீழ்க்கொல்லைக்கு மட்டும் அல்ல, இன்னும் சில ஊர்களுக்கும் பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். மேலாளர்கள் எத்தனை பேர், தைக்கிற பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. கண்ணாலேயே தெரிந்தது.

முதல் சிப்பாய் பெண்களின் ஓட்டில் நகர்ந்தது. அடுத்த வாரம் இரண்டாவதும் நகர்ந்தது. பிரேம்நாத்துக்கு ஆனந்தம் தாங்கவில்லை. கடைநிலைப் பங்கேற்பு கரைபுரண்டு ஓடுவதாக எழுதினார். அவர் சொல்லி, பெர்சிஸ் கேன்டீன் சுவரில் பெண்களின் படங்களை ஒட்டினாள். படத்தில் கிறிஸ்டினா மட்டும் சிரிக்காமல் இருந்தாள்.

"இன்னும் ரெண்டு மூணு நாள்ல தோத்துடுவோம்," என்று ரோட்டைத் தாண்டும்போது அமிர்தவள்ளி சொன்னாள்.

"தோக்கறதுக்காவது வுடுவாங்களா, பாரு," என்றாள் கிறிஸ்டினா.

ஜெர்மனியிலிருந்து பதில் நகர்த்தல் வந்தது. அவர்கள் ராணி அசையவில்லை. ஒரு ஓரத்துச் சிப்பாய் மரியாதையாக ஒரு கட்டம் வந்து நின்றது. கூடவே ஒரு செய்தி. பெர்சிஸ் அதைத் தமிழில் படித்துக் காட்டினாள். உடனே வெற்றி பெறும் வாய்ப்பு தங்கள் குழுவுக்குத் தெரிந்தது என்றும், அதைப் பற்றி விரிவாக விவாதித்தார்கள் என்றும், இத்தனை பெண்கள் ஆர்வத்தோடு பங்கெடுக்கும் ஆட்டத்தை முடித்துவிடுவது தங்கள் கொள்கைக்கு விரோதம் என்று பெரும்பான்மை கருதியதாகவும் எழுதியிருந்தது.

அன்றைக்குக் கேன்டீனில் அமிர்தவள்ளி சாப்பாட்டை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு ஆட்டம் எங்கும் போகவில்லை. ஆடிட் வரைக்கும் ஆட்டம் ஆரோக்கியமாக நீடிக்க வேண்டும் என்று மேலே ஒரு பேச்சு நடந்ததாக ஒவைஸ் சொன்னான். அதற்காக வழிகாட்டல் என்று ஒன்று வந்தது. எல்லாரும் சுதந்திரமாக ஓட்டுப் போடலாம், போடுவதற்கு முன்னால் பிரேம்நாத்துக்குப் பிடித்த நகர்த்தலைச் சூப்பர்வைசர் சொல்லுவார். மன்றத்தின் காய்கள் எல்லாம் யாருக்கும் தொந்தரவில்லாமல் இடது பக்கத்திலேயே முன்னும் பின்னும் போய்வந்தன. மழைக்காலம் வந்தது.

நவம்பரில் ஒரு காலை, தூறலில் ரோட்டைத் தாண்டும்போது கிறிஸ்டினாவை ஒரு பால் வேன் அடித்துப் போட்டது. அமிர்தவள்ளி அப்போது இரண்டு எட்டு முன்னால் போயிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பியபோது டிபன் பை தனியாக ரோட்டின் நடுவில் கிடந்தது. கிறிஸ்டினா ஓரத்தில் கிடந்தாள், கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கம்பெனி பஸ் அந்தப் பக்கம் நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக ஏசுவே, ஏசுவே என்றார்கள், தாயே என்றார்கள்.

வேலூரில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். விபத்து கம்பெனி கேட்டுக்கு உள்ளே நடக்கவில்லை, பஸ்ஸில் ஏறிய பிறகும் நடக்கவில்லை, ஆகவே இது வேலை விபத்தில் சேராது என்று ஆபீசில் சொன்னார்கள். சொன்னவர்கள் உண்மையிலேயே வருத்தப்பட்டார்கள்.

சில நாள் கழித்துப் பெர்சிஸ் அமிர்தவள்ளிக்குப் போன் செய்தாள். கிறிஸ்டினாவைப் பார்க்கப் போகிறேன், நீங்களும் வாங்க, கார் அனுப்புகிறேன் என்றாள். கார் கீழ்க்கொல்லைக்குள் வந்து, அமிர்தவள்ளியின் வீட்டு வாசலிலேயே நின்றது. தெரு போதுமான அகலமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் பெர்சிஸ் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்தாள். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தலையாட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு பையிலிருந்து டேப்லெட்டை எடுத்தாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. நூறு சதவீதம் பங்கேற்பு இருக்கணும்னு சார் சொல்லிட்டாரு. உங்க ஒருத்தரோட ஓட்டுதான் பாக்கி."

கிறிஸ்டினா டேப்லெட்டைப் பார்த்தாள். "எதைத் தொடணும்?"

"அது உங்க சொந்த முடிவுக்கா." பெர்சிஸ் குரலைத் தாழ்த்தினாள். "சாருக்குக் குதிரை பிடிச்சிருக்கு."

"குதிரைக்குக் கால் நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டுவிட்டு கிறிஸ்டினா தொட்டாள்.

திரும்பும்போது வராந்தாவில் பெர்சிஸ் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள். "எனக்கும் டார்கெட் இருக்குக்கா," என்றாள். அமிர்தவள்ளிக்கு அவளைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது, தோளைத் தட்ட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

டிசம்பரில் ஆடிட் வந்தது. வெளிநாட்டு அம்மா ஒருவர், பருத்திப் புடவை கட்டி வந்திருந்தார். தொழிலாளிகளைத் தனியாகப் பேட்டி காண வேண்டும் என்றார். மொழிபெயர்க்கப் பெர்சிஸ் உட்கார்ந்தாள். அமிர்தவள்ளி முறை வந்தபோது, இங்கே மனம் திறந்து பேச முடிகிறதா என்று அந்த அம்மா கேட்டார்.

அமிர்தவள்ளி எல்லாவற்றையும் சொன்னாள். பஸ்ஸைச் சொன்னாள், ரோட்டைச் சொன்னாள், கிறிஸ்டினாவின் காலைச் சொன்னாள், டேப்லெட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. பெர்சிஸ் ஒரு நிமிஷம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்று விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். ஆஸ்பத்திரி பற்றியும் சொன்னாள். வெளிநாட்டு அம்மாவின் கண் கலங்கியது. அமிர்தவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டார். நிறைய எழுதிக்கொண்டார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அமிர்தவள்ளிக்கு மனம் லேசாக இருந்தது. கிறிஸ்டினாவுக்குப் போன் போட்டு, கேட்டுட்டேன், எழுதிக்கினாங்க என்றாள்.

அறிக்கையைப் பிரேம்நாத் கேன்டீனில் மைக் வைத்துப் படித்தார். "இந்தத் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளி ஒருவர் தன் குறைகளை அச்சமின்றி, கண்ணீர் விட்டுக்கூட, வெளிப்படுத்த முடிகிறது. அவற்றை அலுவலரே நேர்மையாக மொழிபெயர்க்கிறார். இப்படிப்பட்ட சுதந்திரத்தை வேறெங்கும் கண்டதில்லை." தொழிலாளர் குரலுக்கு முழு மார்க். போக்குவரத்து ஆடிட்டின் வரம்பில் வராது என்று அடிக்குறிப்பு இருந்தது. அதையும் அவர் மறைக்காமல் படித்தார். கேக் வெட்டினார்கள். முதல் துண்டை அமிர்தவள்ளிக்குக் கொடுத்தார்கள்.

அந்த வாரமே ஜெர்மனி ராணி குறுக்கே வந்து நின்றது. மாதக்கணக்காக யாரும் அடைக்காமல் வைத்திருந்த வழி. ஆட்டம் முடிந்தது.

"இப்போ ரெண்டாவது பொருள்," என்றார் பிரேம்நாத். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். "பஸ் ஊருக்குள்ள எங்க நிக்கணும்? நிர்வாகம் எதையும் திணிக்காது. அதே முறைதான். மூணு நாள் கலந்து பேசுங்க. எந்த இடத்தை வேணும்னாலும் யாரும் முன்மொழியலாம். எதுக்கு ஓட்டு ஜாஸ்தியோ அதுதான் முடிவு. ஊர் ஊரா எடுப்போம். முதல்ல கீழ்க்கொல்லை."

அமிர்தவள்ளிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. ஒவைஸ் வந்து மெதுவாகச் சொன்னான். "அக்கா, ஒரே எடத்தைச் சொல்லி, எல்லாரும் அதுக்கே போடுங்க. வேற எதுவும் பண்ணாதீங்க."

அவள் பஸ்ஸில் மறுபடியும் சீட்டு சீட்டாகப் போனாள். ஆமா, எல்லாரும் ஒண்ணுக்கே போடுவோம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த ஒன்று எது என்று கேட்டால் ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குக் கிட்டத்தில் ஒரு இடத்தைச் சொன்னார்கள். பால் சொசைட்டி என்றார்கள், ரேஷன் கடை என்றார்கள், பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில், சர்ச் வாசல் என்றார்கள். உங்கள் தெருவுக்கு நாங்கள் ஏன் வந்து நிற்க வேண்டும் என்று ஒருத்தி கேட்டாள். எங்கள் தெருவுக்கு நீங்கள் எந்தக் காலத்தில் வந்தீர்கள் என்று இன்னொருத்தி திருப்பிக் கேட்டாள். அதோடு எப்போதோ நடந்த குழாயடிச் சண்டை, திருவிழாச் சண்டை எல்லாம் பஸ்ஸில் ஏறிக்கொண்டன. டேப்லெட்டில் கருத்துகள் குவிந்தன. ஆட்டத்துக்குக்கூட இவ்வளவு கருத்து வந்ததில்லை என்று பெர்சிஸ் சொன்னாள்.

ஆபீசிலிருந்து ஒரே ஒரு முன்மொழிவு வந்தது. இப்போதுள்ள ஏற்பாடே தொடரட்டும். மேலாளர்களும் சூப்பர்வைசர்களும் மன்ற உறுப்பினர்கள்தான். அத்தனை பேரும் அதற்கே போட்டார்கள். அவர்களுக்குள் விவாதம் எதுவும் நடக்கவில்லை.

முடிவை அறிவிக்கும்போது பிரேம்நாத்தின் குரல் எப்போதையும்விடத் தாழ்வாக இருந்தது. இப்போதுள்ள ஏற்பாட்டுக்கு மொத்த ஓட்டில் பாதிகூட விழவில்லை. ஆனால் மற்ற எதற்கும் அதில் பாதிகூட விழவில்லை. "இது யாரோ எடுத்த முடிவு இல்லை," என்றார். "நீங்க எடுத்தது. இதை நான் மதிக்கணும். எனக்கு இதுல சொந்த விருப்பம் எதுவும் கிடையாது."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அமிர்தவள்ளி பஸ் பிடித்து வேலூருக்குப் போனாள். கிறிஸ்டினா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புண் ஆறாததால் இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை, காலில் கட்டும் பிரிக்கவில்லை. நடக்க இன்னும் மாதங்கள் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் இடத்தில் லைனில் வேறொரு பெண்ணை உட்கார வைத்திருந்தார்கள். அதை அமிர்தவள்ளி சொல்லவில்லை.

முடிவைச் சொன்னாள். கிறிஸ்டினா ஆச்சரியப்படவில்லை.

"அந்தப் பொண்ணு இங்கயும் வந்துச்சு டேப்லெட்டைத் தூக்கிக்கினு," என்றாள்.

"நீ எதுக்குப் போட்டே?"

கிறிஸ்டினா போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாள். "சர்ச் வாசலுக்கு. இந்தக் காலை வச்சிக்கினு ஜாஸ்தி நடக்க முடியாதுன்னு பார்த்தேன். நீ?"

"கோயில்கிட்ட."

"உங்க வூட்டு எதிருல."

"ஆமா."

கோயிலுக்கும் சர்ச்சுக்கும் நடுவில் ஒரே ஒரு தெருதான். அது இரண்டு பேருக்கும் தெரியும். பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ சாப்பாடு வந்தது, தட்டுச் சத்தம் கேட்டது. நர்ஸ் வந்து நேரம் ஆயிடுச்சு, கிளம்புங்க என்றாள். அமிர்தவள்ளி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அமிர்தா," என்று கூப்பிட்டாள் கிறிஸ்டினா. "காலையில பார்த்துத் தாண்டு."